டிரம்பெட் மியூட்டில் தக்கை பெயர்தல்: ஓர் ஆய்வு (ஹிஞ்சேவாடியைக் களமாகக் கொண்டது)

இயல் 1: களமும் எல்லையும்

மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு மேற்கே, ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா என்ற பெயரில் மூன்று கட்டங்களாக விரிந்து கிடக்கும் ஹிஞ்சேவாடியே இவ்வாய்வின் களம். சிவாஜி சௌக்கில் மாலை நேரத்தில் நகராமல் நிற்கும் வாகனங்களை ஆராய்வது இன்னொருவரின் ஆயுட்காலப் பணி என்பதால் அது இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. நமது பொருள், டிரம்பெட்டின் ஓசை வெளிவரும் அகன்ற வாயில் செருகி அதை அடக்கும் மியூட். மியூட் முழுவதும் அல்ல, அதன் ஒடுங்கிய முனையில் ஒட்டியிருக்கும் தக்கை. தக்கையிலும் மூன்று பட்டைகளில் ஒரு பட்டை. அந்த ஒன்றிலும், கழன்று வாத்தியப் பெட்டிக்குள் அநாதையாகக் கிடக்கும் நிலையில் உள்ளது மட்டும். பொருள் சுருங்கச் சுருங்க ஆய்வேடு பருக்கும் என்பது நம் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக நிறுவி வரும் உண்மை.

ஹிஞ்சேவாடிக்கும் டிரம்பெட்டுக்கும் என்ன உறவு என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். இவ்வாய்வின் முதன்மைத் தகவலாளி பாளையங்கோட்டைக்காரர். சர்ச் பேண்டில் டிரம்பெட் பழகியவர். பகலில் ஏதோ ஒரு வங்கியின் மென்பொருளுக்கு ஒட்டுப் போடுகிறார். இரவில் ஆறாவது மாடியில் ஊதுகிறார். ஏழாவது மாடிக்காரருக்கு ஒன்பது மணிக்கு நியூ ஜெர்சியோடு மீட்டிங். ஐந்தாவது மாடியில் கைக்குழந்தை. சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் குறிப்பிடாமல் ஒரு வேண்டுகோள் வந்தது. பெயர் போட்டிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. ஆகவே மியூட்.

இத்தனைக்கும் ஊர் புணே. கணபதி விழாவுக்குப் பல வாரம் முன்பிருந்தே ஆற்றங்கரையிலும் மைதானங்களிலும் டோல்–தாசா முரசுக் குழுக்கள் பழக ஆரம்பித்துவிடும். அந்த அதிர்வில் அயர்ந்து தூங்குகிற ஐந்தாம் மாடிக் குழந்தை, ஒற்றை டிரம்பெட்டுக்கு விழித்துக்கொள்கிறது. குழந்தை நலத் துறையினர் ஆராயட்டும். கணபதி ஊர்வலத்தில் முன்னால் போகும் பித்தளை பேண்டுக்காரர்களிடம் மியூட் பற்றிக் கேட்டுப் பயனில்லை. தெருவில் ஊதுகிறவருக்கு அது எதற்கு? தக்கை பெயர்தல் என்பது வீட்டுக்குள்ளும் அரங்குக்குள்ளும் ஊதுகிறவர்களுக்கே வரும் நோய்.

இயல் 2: முன்னோர்

எகிப்திய மன்னன் துத்தன்காமன் கல்லறையை 1922-இல் கண்டுபிடித்துத் தோண்டியதில் இரண்டு டிரம்பெட்டுகள் கிடைத்தன. ஒன்று வெள்ளி, மற்றது செம்புக் கலவை. இரண்டுக்கும் உள்ளே அளவாகச் செதுக்கிய மரக்கட்டை. ‘மூவாயிரம் ஆண்டு பழைய மியூட்!’ என்று முடிவுரை எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் அது மெல்லிய தகடு நசுங்காமல் இருக்க வைத்த கட்டை. தக்கையும் இல்லை. தள்ளுபடி.

1607-இல் இத்தாலியின் மான்டுவாவில் அரங்கேறிய மான்டவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ இசை நாடகத்துக்கு வரும்போதுதான் கால் ஊன்ற இடம் கிடைக்கிறது. அதன் தொடக்க இசையை, டிரம்பெட்டுகளில் மியூட் செருகி வாசிப்பதானால் ஒரு முழுத் தொனி ஏற்றி வாசிக்கவேண்டும் என்று அச்சுப் பிரதியிலேயே குறிப்பு இருக்கிறது. அக்கால மியூட் சத்தத்தை அடக்கும் கையோடு சுருதியையும் கிளப்பிவிடும். இன்றைய மியூட்டும் சிறிது கிளப்பத்தான் செய்கிறது; வாசிப்பவர் சுருதிக் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிக்கட்டிக்கொள்வார்.

பிறகு அமெரிக்கா. கிங் ஆலிவர் என்ற நியூ ஆர்லியன்ஸ் மேதை வாளி, கோப்பை, போத்தல் என்று அகப்பட்டதையெல்லாம் வாத்தியத்தின் வாயில் பிடித்து ஊதினார். சிங்க் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தைக் கம்பு நீக்கி மியூட்டாகப் பிடிக்கும் வழக்கம் ஜாஸ் உலகில் இன்றும் உண்டு. அதற்குத் தக்கை கிடையாது. ஆகவே இவ்வாய்வில் அதற்கு இடமும் கிடையாது.

அந்த ஜாஸ், 1930-களில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்து இறங்கியது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தார்கள். கோவாக்காரர்கள் அதைக் கற்று மேடைக்கும் சினிமாவுக்கும் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் சிக் சாக்லேட் என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தோனியோ சேவியர் வாஸ். இந்தியாவின் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் என்றே சொல்வார்கள். 1951-இல் வந்த ‘அல்பேலா’ இந்திப் படத்தில் தம் குழுவோடு திரையில் தோன்றவும் செய்தார். அந்தப் படத்துக்கு இசை சி. ராமச்சந்திரா, இயக்கி நடித்தவர் பகவான். மராத்தியர்களான இந்த இருவரும் பத்தாண்டு முன்பே ஒரு தமிழ்ப் படத்தில் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள்: ‘வனமோகினி’, 1941.

இங்கே இவ்வாய்வாளர் ஒரு கோட்பாட்டை முன்வைக்கத் துணிகிறார். தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) தம் அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். மராட்டியர் தமிழ்நாட்டுக்குள் பித்தளை வாத்தியத்தை ஊதவிட்டதற்குப் பதிலாகப் பாளையங்கோட்டையார் ஹிஞ்சேவாடியில் ஊதுகிறார். இருநூறு ஆண்டுக் கணக்கு நேராகிவிட்டது. சொசைட்டிக் குழுவில் இந்தக் கோட்பாடு எடுபடவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

இயல் 3: தக்கையின் இயல்பு

தமிழ்ப் பையன்களுக்குக் கார்க் என்றால் பந்து. அது கணுக்காலில் பட்டால் தெரியும்.

இயல் 4: மேற்படி இயல் போதாது என்று நெறியாளர் சொன்னதால் சேர்த்தது

தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகத் தேவையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில் விளைகிறது. மரத்தை வெட்டுவதில்லை, ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுக்கிறார்கள், மரம் மறுபடி பட்டை போர்த்திக்கொள்கிறது. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, ஒரு கன அங்குலத்தில் 125,97,12,000 அறைகள் இருக்கும் என்று கணக்குப் போட்டார். ஹிஞ்சேவாடியில் எவ்வளவு கட்டினாலும் இந்த நெருக்கம் வராது. அறை ஒவ்வொன்றிலும் காற்று. சுவர் மெழுகுத்தன்மை கொண்டது. தண்ணீர் எளிதில் புகாது. அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்காமல் தன்னுள்ளேயே அடங்கும், விட்டால் நிமிரும். பித்தளை வாயைக் கீறாமல் கவ்விப் பிடிக்க இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது.

இந்த வட்டாரத்துக்குத் தக்கை புதிதும் அல்ல. பக்கத்து ஆகுர்டியில் பஜாஜ் தொழிற்சாலை இருந்த புண்ணியத்தால் சேதக் ஸ்கூட்டரை அறியாத வீடு கிடையாது. அதன் கிளட்ச் பிளேட்டில் பதித்திருந்தது இதே தக்கைதான். எண்ணெயில் ஊறியபடி ஊர் ஊராக உழைத்தது. ஸ்கூட்டரைச் சுமந்த பொருள் ஒரு மியூட்டைத் தாங்காதா என்று கேட்கலாம். தாங்கும். கைவிடுவது தக்கை அல்ல, பசை.

இயல் 5: பெயர்தற் காரணம்

தக்கை பெயர்வது என்னை? எனின், முறுக்குவதால் என்க.

மியூட் செருகுகிறவர் முதலில் தக்கையின் மேல் ‘ஹா’ என்று ஊதி ஈரமாக்குவார். பிறகு உள்ளே வைத்து, பிடிப்பதற்காக ஒரு சிறு முறுக்கு. எடுக்கும்போது எதிர்ப்பக்கமாக இன்னொரு முறுக்கு. அமுக்குவதைப் பசை பொருட்படுத்தாது. பக்கவாட்டில் இழுப்பதுதான் அதைத் தீர்த்துக்கட்டும். போதாததற்கு, மார்ச் முதல் மே வரை புணேயின் காய்ச்சல் வெயில், அதன்பின் செப்டம்பர் வரை விடாத ஈரம்.

தகவலாளியின் மியூட்டை ஜன்னலோரம் வைத்துப் பார்த்ததில் தெரிந்தவை: அலுமினியக் கூம்பு. பட்டை போன இடத்தில் நீள்சதுரமாகப் பழுப்பு நிறக் கறை. நகத்தால் சுரண்டினால் பசை பொடியாக உதிர்ந்தது. மற்ற இரண்டு பட்டைகளும் வாய்ப்பக்க ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தன. ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடுக்கு. அடுத்து விழப்போவது எது என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

நேர்க் கூம்பு மியூட்டில் பட்டைகள் மூன்றாகப் பிரிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. அவற்றின் இடைவெளியில்தான் காற்று வெளியேறுகிறது. ஹார்மன் என்ற வகையில் தக்கை முழு வளையமாகச் சுற்றியிருக்கும், காற்றெல்லாம் மியூட்டுக்குள்ளேயே புகுந்து வரவேண்டும். ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ரசிகர்கள் உருகுவது அந்த ஓசைக்கு. நம்முடையது மூன்று பட்டை. ஒன்று போனால் மியூட் சாய்ந்து பித்தளையில் உரசும், ‘ஜிர்ர்’ என்ற ஓசை வரும், சுருதி தடுமாறும், கடைசியில் தரையில் விழும். மியூட் செருகுவதே ஓசை அடங்கிய பகுதியில் என்பதால், அது விழும் சத்தம் எப்போதும் கடைசி வரிசை வரை கேட்கும்.

இயல் 6: கட்சிகள்

தக்கையை எதனால் ஒட்டுவது என்பதில் ஹிஞ்சேவாடி நான்காகப் பிரிந்து நிற்கிறது. புதிது வாங்கு என்னும் கட்சிக்கே ஆள்பலம் அதிகம்; அவர்கள் பேசி முடிப்பதற்குள் ஆர்டர் போட்டுவிடுவார்கள். அவர்களோடு ஆய்வாளருக்கு வாதமில்லை.

ஃபெவிக்விக் கட்சியார் அவசரக்காரர்கள். ஒரு சொட்டு, பத்து எண்ணுவதற்குள் வேலை முடிந்தது என்பார்கள். மெய்தான். ஆனால் அந்தப் பசை தக்கைக்குள் ஊறி இறுகிக் கண்ணாடித் தன்மை அடைந்துவிடும். தக்கைக்கு இருக்கவேண்டிய நெகிழ்வு போகும். முதல் சில முறுக்கிலேயே ‘டக்’ என்று தெறிக்கும், போகும்போது தக்கையின் ஒரு அடுக்கையும் கூட்டிக்கொண்டு போகும். விரலும் ஒட்டிக்கொண்டால் அது தனி.

வெள்ளை ஃபெவிகால் கட்சியார் சான்றோர்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து நம்பிக்கை. ஆனால் அந்தப் பசை நீர் வற்றி இறுகுவது. உறிஞ்சிக்கொள்ள மரமோ காகிதமோ வேண்டும். அலுமினியம் எதை உறிஞ்சும்? காகிதக்கூழ் அட்டையில் செய்த மியூட்டாக இருந்தால் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். அங்கும் ‘ஹா’ என்ற ஈரமூச்சு அதற்கு எமன்.

நான்காவது, சொல்யூஷன் கட்சி. ரப்பர் கலந்த பசை: பிளைவுட் கடையில் சன்மைக்கா ஒட்டுவதற்குக் கேட்டால் கொடுப்பது, செருப்புத் தைப்பவர் டப்பாவில் வைத்திருப்பது. காய்ந்த பிறகும் இழுபடும். முறுக்கினால் கூடவே சற்று அசைந்து கொடுத்துத் திரும்பிக்கொள்ளும். இவ்வாய்வாளர் கட்சி மாறாமல் நிற்பது இதில்தான்.

இயல் 7: ஒட்டுதல்

கள ஆய்வு, மரத்தடியில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் நடந்தது. ‘காகா’ என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். மியூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன பொருள் என்று கேட்கவில்லை. எது எதில் ஒட்டவேண்டும் என்று மட்டும் கேட்டார். ஆய்வு நெறி என்றால் இதுவல்லவா.

பழைய பசையைக் கத்தி முனையால் சுத்தமாக வழித்தார். உப்புத்தாளால் அலுமினியத்தை மெல்லத் தேய்த்து வழவழப்பை எடுத்தார். தூக்கிக்கொண்டிருந்த மற்ற இரண்டு பட்டைகளையும் கேட்காமலே உரித்துப் போட்டார். தகவலாளி முகம் வெளுத்தது. புதுத் தக்கைத் தகட்டைப் பழைய பட்டையின் அளவுக்கு வெட்டினார். தகடு, நோட்டீஸ் போர்டுக்கு விற்கிற சாதாரணத் தக்கைதான். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிறது. தடிமன் ஒரு பொட்டு கூடுதலாகவே இருக்கட்டும். கூடினால் தேய்த்துக் குறைக்கலாம், குறைந்தால் மியூட் அளவுக்கு மீறி உள்ளே போய் ஓசை நெரியும்.

அடுத்து சொல்யூஷன். தகட்டிலும் பூசினார், அலுமினியத்திலும் பூசினார், இரண்டிலும் மெல்லியதாக. தகவலாளியான நம் பொறியாளர் உடனே எடுத்து ஒட்டப் போனார். பெரியவர் கையைத் தட்டிவிட்டு, “தாம்பா, தாம்பா” என்றார். பொறு என்று மராத்தியில். ஒட்டும் பசையை ஒட்டாமல் காயவிடுவதா என்று பொறியாளருக்குப் புரியவில்லை. அதுதான் சூட்சுமம். பூசிய பசையில் கரைப்பான் ஆவியாகிப் போகவேண்டும். விரல் வைத்தால் பிசுக்கு இருக்கவேண்டும், பசை கையோடு வரக்கூடாது. கால் மணி நேரத்துக்குள் அந்தப் பதம் வந்துவிடும். ஈரமாக ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கிக்கொண்டு, பட்டை நாள் கணக்கில் வழுக்கிக்கொண்டிருக்கும். பதம் வந்தபின் வைத்தால், வைத்தது வைத்ததுதான். நகர்த்திச் சரிசெய்ய முடியாது. அதனால் பெரியவர் பழைய கறையின் ஓரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து அழுத்தி உருட்டியபடி ஒட்டினார். சுத்தியலின் பிடியால் நாலு தட்டு. சுற்றிலும் நூல் கட்டினார்.

செருப்புக்கு வாங்குகிற கூலியையே வாங்கிக்கொண்டார்.

மிச்ச வேலை மறுநாள் வீட்டில். வாத்தியத்தின் வாய்க்குள் உப்புத்தாளைச் சொரசொரப்புப் பக்கம் தக்கையைப் பார்க்கும்படி வைத்து, அதன்மேல் மியூட்டை இலேசாகத் திருகினால், வாயின் வளைவுக்கு ஏற்றபடி மூன்று பட்டையும் ஒரே சீராகத் தேயும். அவசரப்பட்டு நிறையத் தேய்த்தால் காகாவிடம் மறுபடி போகவேண்டிவரும்.

இயல் 8: முடிபும் பரிந்துரையும்

சொல்யூஷன் கட்சியே வென்றது. ஏழாம் மாடியிலிருந்து ஆட்சேபம் வரவில்லை; குழந்தையின் கருத்து கிடைக்கவில்லை. மியூட் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: பெட்டிக்குள் ஒரு துண்டுத் தக்கைத் தகடும் ஒரு சிறு டியூப் சொல்யூஷனும் எப்போதும் போட்டுவையுங்கள். ஒட்டியதை ஒரு இரவு தொடாமல் விடுங்கள். அன்று இரவு மட்டும் ஊதவேண்டாம்.