ஏர்போர்ட்லாம் எறங்கு

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு வரும் பஸ்ஸில் மாத்தூர், குண்டூர், செம்பட்டு என்று கூவிக்கொண்டே வரும் கண்டக்டர், சுருதி மாறாமல் "ஏர்போர்ட்லாம் எறங்கு" என்பார். சிங்கப்பூர் போகிறவரும் எதிர்ச்சாரியில் பஞ்சர் ஒட்டப் போகிறவரும் ஒரே படியில் இறங்குவார்கள். கீரனூர்ப் பக்கத்து ஆளான எனக்குத் திருச்சி விமான நிலையம் முதலில் ஒரு பஸ் ஸ்டாப்பாகத்தான் அறிமுகம். அதற்குப் பின்னால் விமானமும் வரும் என்பது கூடுதல் தகவல்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய களம் அது. போர் முடிந்து வெள்ளைக்காரர்கள் போனபின் நாங்கள் போக ஆரம்பித்தோம். கொழும்புக்கு விமானம் இருந்தது. கொழும்பு வழியாக வளைகுடாவுக்குப் போனவர்களும் உண்டு. இப்படிக் காலகாலமாகக் கடல் தாண்டி ஆள் அனுப்பிய நிலையத்துக்கு 'சர்வதேச விமான நிலையம்' என்ற பட்டம் கிடைத்தது 2012 அக்டோபரில்தான். பட்டம் வந்து சேர்வதற்குள் எங்கள் ஊரில் பலர் போய், சம்பாதித்து, திரும்பி வந்து, வீடு கட்டி, அந்த வீட்டுக்கு இரண்டாம் தடவை வெள்ளையும் அடித்துவிட்டார்கள். இன்றும் இங்கே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள்தான் அதிகம். டெல்லியைப் பார்க்காமலே கோலாலம்பூரை மூன்று தடவை பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அப்போதெல்லாம் ஒருவர் வெளிநாடு போக வேண்டுமென்றால் ஒரு வேன் வேண்டும். போகிறவர் ஒருவர் (எங்கள் வீட்டில் மாமா), வழியனுப்புகிறவர்கள் பதினெட்டுப் பேர். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், மடியில் புளியோதரைப் பொட்டலம், வண்டியேறுமுன் காளி கோயில் திருநீறு. விமானம் ராத்திரிதான் என்றாலும் மத்தியானமே வந்து இறங்கி, மர நிழலில் ஜமக்காளம் விரித்துச் சாப்பிட்டு முடிப்போம். கட்டடம் சின்னது. ஒரு பக்கம் நின்று கூப்பிட்டால் மறுபக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே போகப் பார்வையாளர் சீட்டு உண்டு. ஆனால் பதினெட்டுப் பேருக்கும் சீட்டு வாங்குகிற வசதி இருந்தால் மாமா ஏன் வெளிநாடு போகிறார்? ஆகவே கம்பி வேலிதான். விமானம் ஓடத் தொடங்கியதும், மாமா எந்த ஜன்னலில் இருக்கிறார் என்று தெரியாததால், எல்லா ஜன்னலுக்கும் கை காட்டுவோம். உள்ளே இருந்த முன்பின் தெரியாத சிங்கப்பூர்ச் சீமாட்டிகளும் எங்கள் அப்பத்தாவின் ஆசீர்வாதத்தைக் கொஞ்சம் எடுத்துப் போயிருப்பார்கள்.

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் ஊரில் அட்டைப்பெட்டிக்கு முகவரி எழுதும் வேலை என்னுடையது. கறுப்பு மார்க்கரில், பெட்டியின் ஆறு பக்கமும், பெயர், தகப்பனார் பெயர், ஊர், கீரனூர் வழி, புதுக்கோட்டை மாவட்டம். பிறகு நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, ஒருவர் பெட்டி மேல் முழங்காலை ஊன்ற, இன்னொருவர் இழுத்து முடிச்சுப் போடுவார். போகும்போது அதில் ஊறுகாயும் கருவாடும் இட்லிப் பொடியும். அதே பெட்டி திரும்பி வரும்போது கோடாரித் தைலம், மைலோ, கைலி, சென்ட், ஒரு டேப் ரிக்கார்டர். வந்து இறங்கிய பெட்டியைப் பிரிக்கும்போது எழுந்த வாசனைக்குத் தெருவே கூடும். இப்போது எல்லாரிடமும் சக்கரம் வைத்த டிராலி பேக், எல்லாமே கறுப்பு. எது நம்முடையது என்று தெரிய ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிடுகிறோம். எல்லாருமே சிவப்பு நாடா கட்டியிருப்பதைப் பெல்ட்டின் அருகே நிற்கும்போதுதான் கவனிக்கிறோம். மைலோ உள்ளூர் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. கோடாரித் தைலம் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அத்தைமார்களின் முழங்கால் அதற்குப் பழகிவிட்டது.

புறப்பாட்டுப் படிவத்தையும் சொல்ல வேண்டும். வரிசையில் பக்கத்தில் நிற்பவர் பாஸ்போர்ட்டை நீட்டி, "தம்பி, இந்த ஃபாரத்தக் கொஞ்சம் நெரப்பிக் குடுங்களேன்" என்பார். எழுதி முடிப்பதற்குள் அவர் ஊர், ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், அதற்கு அடமானம் வைத்த நகை, அந்த நகை யாருடையது என்பது வரை தெரிந்துவிடும். 2017 ஜூலையில் இந்தியர்களுக்கு அந்தப் படிவமே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். நல்ல சீர்திருத்தம், மறுக்கவில்லை. வரிசை வேகமாக நகர்கிறது. பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவர் காதில் கருவி மாட்டியிருக்கிறார்.

2009-இல் ஒரு புதிய முனையம் திறந்தார்கள். ஏசி, கண்ணாடி, பளபளத் தரை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டோம். அதற்கு முந்தைய பழைய கட்டடம் சரக்கு முனையமானது. பதினெட்டுப் பேர் அழுது வழியனுப்பிய இடத்திலிருந்து இப்போது காய்கறியும் பூவும் கடல் தாண்டிப் போகின்றன. அவற்றுக்கு யாரும் எலுமிச்சம்பழம் வைப்பதில்லை.

அப்புறம் வந்தது இப்போதைய முனையம். 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, ஆண்டுக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும், நெரிசல் நேரத்தில் 3,500 பேர் புழங்கலாம் என்றார்கள். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் வந்து திறந்துவைத்தார். விமானங்கள் அங்கிருந்து புறப்பட்டது ஜூன் 11 முதல். கும்பாபிஷேகம் முடிந்து ஐந்து மாதம் நடை சாத்தியிருந்த கோயில் மாதிரி. கோயில் என்பதும் சும்மா சொல்லவில்லை: முகப்பிலும் சுவரிலும் ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணங்கள், கோலங்கள். நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமே 1987-இல்தான் 236 அடிக்கு எழுந்தது என்பதை நினைத்தால், ஐந்து மாதத்தைப் பெரிதுபடுத்தக் கூடாது.

எனக்குப் பிடித்தது ஒரு கணக்கு. புறப்பாட்டுப் பக்கம் குடியேற்றச் சோதனைக்கு 44 கவுண்டர். வருகைப் பக்கம் 60. போகிறவர்களைவிடத் திரும்பி வருகிறவர்களுக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். திட்டம் போட்டவர் யாரோ நல்ல மனசுக்காரர். ஓடுபாதை மட்டும் அதே 8,136 அடி. அதை நீட்டும் பேச்சு நிலம் எடுப்பதில் புகுந்து புகுந்து வெளியே வருகிறது. வாசலைப் பெரிதாக்கினோம், திண்ணையையும் பெரிதாக்கினோம். வண்டி வரும் பாதை பழசுதான்.

சுங்கத்துறையின் பாடும் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் அதிகாரியைப் பார்த்து நடுங்கியது டேப் ரிக்கார்டர் வைத்திருந்தவர்கள். பிறகு தங்கம் கடத்தும் குருவிகளின் காலம். பசையாக்கி, கம்பியாக்கி, பெட்டிச் சக்கரத்துக்குள் வைத்து, உடம்பின் சொல்லக்கூடாத இடங்களில் வைத்து என்று செய்தித்தாளில் படித்துப் படித்து எங்கள் ஊர்ப் பையன்களுக்கு உலோகவியலில் பாதி தெரியும். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவருடைய பெட்டியைத் திறந்தால் 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். ஒரு பாட்டில் ஊறுகாய்க்கு ஓராயிரம் கேள்வி கேட்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, அந்தத் துணிச்சலை நினைத்து மலைப்புதான்.

வழியனுப்பும் வழக்கம் ஒழிந்தது என்று நினைத்திருந்தேன். 2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பயணிகளோடு, எரிபொருளைக் குறைப்பதற்காக, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்தது. மொட்டை மாடியெல்லாம் ஆள். டிவியில் நேரலை. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே ஊர் முழுக்க வேண்டிக்கொண்டது. பத்திரமாக இறங்கியதும் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை சொன்னார்: "அந்தக் காலத்துல ஏத்திவிட்டா ஒரு நிமிசத்துல மறைஞ்சிரும். இன்னிக்கித்தான் கண்ணு குளிரப் பாத்தேன். ஆனா இப்படி வேணாம்டா சாமி."

போன மாதம் அதே அத்தையின் பேரன் 'டெஸ்ட் அடித்து', அதாவது வேலைத்திறன் தேர்வில் தேறி, சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பினான். வேன் இல்லை, ஒரே கார். அதில் அத்தை, பையனின் அம்மா, நான். இறக்கிவிட்டுக் கட்டிப்பிடித்து முடிப்பதற்குள் பின்னால் ஹாரன். அவன் உள்ளே போனதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அங்கே கம்பி வேலி இல்லை, புழுதி இல்லை, ஜமக்காளம் விரிக்க மரமும் இல்லை. சற்று நேரத்தில் அம்மாவின் கைபேசியில் வீடியோ அழைப்பு. சோதனை முடித்துவிட்ட சந்தோஷத்தில் பையன் கேமராவைத் திருப்பிச் சுவரோவியத்தைக் காட்டினான். கோபுரம், வண்ணம், விளக்கு என்று ஒவ்வொன்றாக. "பாரும்மா, ஸ்ரீரங்கமே உள்ள இருக்கு!"

அம்மா வாய் திறக்குமுன் அத்தை கைபேசியைப் பிடுங்கினார். "ஸ்ரீரங்கத்த நான் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல போயிப் பாத்துக்குவேன். நீ அதத் திருப்பி ஒம் மூஞ்சியக் காட்டுடா."