கனடாப் பெரியப்பாவின் வீட்டுக்கு ஒரு பெயரடை

(தெல்லிப்பழை. கனடாப் பெரியப்பாவின் வீட்டை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட இங்கிலீசில் விளம்பரம் எழுதுகிறான் தம்பி. பிழை திருத்த வந்தவர் இளைப்பாறிய இங்கிலீஸ் மாஸ்ரர். கூலி: தேத்தண்ணியும் பனங்கட்டியும்.)

தம்பி: முதல் சொல் 'ஹிஸ்ரோறிக்' எண்டு போட்டிருக்கிறன், மாஸ்ரர்.

மாஸ்ரர்: அது சரித்திரத்தில இடம் பிடிச்சதுக்குப் போடுறது. 1816இல அமெரிக்க மிஷன்காரர் இஞ்ச வந்தது ஹிஸ்ரோறிக். பெரியப்பா 1974இல சீமெந்து பூசின வீடு எப்பிடி ஹிஸ்ரோறிக் ஆகும்?

தம்பி: அப்ப 'ஹிஸ்ரோறிக்கல்'?

மாஸ்ரர்: அது சரித்திரத்தோட சம்பந்தப்பட்டதுக்கு. 1990இல சண்டைக்குப் பயந்து வீட்டைப் பூட்டிப்போட்டு ஓடினியளெல்லே? அந்தத் திறப்பு இருந்தால் அதுக்குப் போடலாம்.

தம்பி: திறப்பு இருக்கு. கதவுதான் இல்லை.

(சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள்.)

தம்பி: சுவருக்கு 'டிஸ்றெஸ்ட்'. வெளிநாட்டில காசு குடுத்துச் சுரண்டிப் பழசாக்கிறாங்கள்.

மாஸ்ரர்: மனுசருக்குப் போட்டால் அது அவதி, சுவருக்குப் போட்டால் ஸ்ரைல். எங்களுக்கு ரெண்டையும் ஷெல் சும்மா செய்து தந்தது. 'டமேஜ்ட்' எண்டு எழுது.

தம்பி: அப்பிடி எழுதினால் வாடகை பாதி, மாஸ்ரர். டிஸ்றெஸ்ட் எண்டால் ஒண்டரை மடங்கு.

மாஸ்ரர்: (கண்ணாடியைத் துடைத்தபடி) அப்ப டிஸ்றெஸ்டே இருக்கட்டும்.

தம்பி: 'ஹோம்லி'?

மாஸ்ரர்: ஆர் வாசிக்கப் போறான்? லண்டன்காரனுக்கு அது வீட்டுச் சுகம். அமெரிக்கனுக்கு, பார்க்கச் சகிக்காத மூஞ்சி. ஞாயிறு பேப்பர்க் கலியாண விளம்பரத்தில, பெட்டை சமைப்பாள், எதிர்த்துக் கதையாள். எங்களுக்கு உந்தக் குழப்பம் பரம்பரைச் சொத்து. ஆண்டது பிரித்தானியர், வட்டுக்கோட்டையில 1823இல செமினறி தொடங்கினது அமெரிக்கர். அவையளில வின்சிலோ 1862இல 67,000 சொல்லுக்கு மேல அகராதி போட்டார். தமிழுக்கு இங்கிலீஸ் அர்த்தம். அதைப் பிரட்டி உன்ர விளம்பரம் எழுதேலாது.

தம்பி: பெரியப்பா கனடாவெல்லே?

மாஸ்ரர்: அது ரெண்டுக்கும் நடுவில நிக்கிற நாடு. பக்கத்தில வீட்டுப் படத்தையும் போடு, எந்த அர்த்தமெண்டு அவரே முடிவெடுக்கட்டும்.

தம்பி: சரி. அயல், 'பீஸ்ஃபுல்'.

மாஸ்ரர்: முன்வீட்டுக்காரர் சுவிஸ், பின்வீட்டுக்காரர் பிரான்ஸ், பக்கத்து வீடு நோர்வே. சத்தம் போட ஆரிருக்கினம்? அது 'டெசேட்டட்'.

தம்பி: நாய் குலைக்கும், மாஸ்ரர்.

மாஸ்ரர்: அப்ப 'குவயற்'. பீஸ்ஃபுல் வேண்டாம். சமாதானம் வந்திட்டுது எண்டு அர்த்தமாகும், பேந்து வாறவன் ஆதாரம் கேட்பான். அந்தச் சொல்லை அரசாங்கம் தன்ர விளம்பரத்தில எழுதட்டும்.

தம்பி: கிணத்துத் தண்ணி 'கிளீன்'?

மாஸ்ரர்: 'கிளியர்'. கண்ணுக்குத் தெரியிறதோட அது நிக்கும். கிளீன் எண்டால் குடிச்சவன் வழக்குப் போடுவான். சுன்னாகத்துக் கிணறுகளில கழிவெண்ணெய் கலந்த கதை 2019இல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் தீர்ப்பாச்சு.

(தம்பி மளமளவென்று அடிக்கிறான். இலக்கணம் பார்க்க வந்தவர் இப்போது வாடகை பார்க்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். பனங்கட்டி இன்னொன்று வருகிறது.)

தம்பி: கக்கூஸ் கோடிக்குள்ள, வேலியடியில. 'றிமோட்' எண்டு போடவோ?

மாஸ்ரர்: விசரே உனக்கு? 'பிறைவேற்' எண்டு போடு. அதுக்குத் தனியாக் காசு கேட்கலாம்.