ஒரே ஒரு நிமிஷம்

பிப்ரவரி 11, அறிவியலில் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான நாள். மார்ச் 8, மகளிர் தினம். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம். இந்தத் தேதிகளில் சென்னையில் எந்த அரங்கத்துக்குப் போனாலும் இரண்டாம் வரிசை ஓரத்து நாற்காலியில் அவரைப் பார்க்கலாம். முதல் வரிசை பிரமுகர்களுக்கு. கடைசி வரிசைக்கு மைக் வந்து சேராது. ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரிக்கு இந்தக் கணக்கு தெரியாதா?

கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை. பை போன வருஷத்துக் கருத்தரங்கில் கொடுத்தது. உள்ளே இருக்கும் குறிப்பேடு அதற்கும் முந்தைய வருஷத்தது. அவர் கொள்கையில் குறை சொல்ல இடமில்லை. பேருந்தில்தான் வருவார். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரைத் தொடமாட்டார். மேடையில் பாலியெஸ்டர் பொன்னாடை போர்த்தினால் உச்சுக்கொட்டுவார். பெண்கள் பேச வேண்டும் என்பதிலும் அவருக்கு உண்மையான அக்கறை உண்டு. அவர்கள் முடித்த கையோடு தானும் பேச வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற முறை பேசியவர் ஒரு வானிலை விஞ்ஞானி. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும், அதனால்தான் மழை இப்போது கொட்டித் தீர்க்கிறது என்றார். யூனிஸ் ஃபூட் கதையையும் சொன்னார். கண்ணாடி உருளைகளில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு அதிகம் சூடாவதைக் கண்டவர் அந்த அமெரிக்கப் பெண்மணி. 1856இல் ஆல்பனி நகரத்து அறிவியல் கூட்டத்தில் அவர் கட்டுரையை வாசித்தவரோ ஜோசப் ஹென்றி. (மைக்கைக் கண்டுபிடிக்கும் முன்பே அது யார் கைக்குப் போகும் என்று முடிவாகிவிட்டது போலும்.) நம்மவர் பலமாகக் கைதட்டினார்.

அடுத்து அன்னா மாணி. சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தவர். ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தும், முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. இங்கே நம்மவர் கைதட்டவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார்.

“இனி கேள்வி நேரம்” என்று தொகுப்பாளினி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

“ஒரே ஒரு நிமிஷம். கேள்வின்னு இல்ல. மேடம் ரொம்ப அருமையா பேசினாங்க. ஒரு விஷயத்தை மட்டும் விட்டுட்டாங்க.”

விட்டுப்போன விஷயம் வடகிழக்குப் பருவமழை. அதையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவருக்கு, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது முதல் விளக்கினார். 1976இல் அடையாற்று வெள்ளம் அவர் வீட்டு வாசலில் எத்தனை படி ஏறியது என்பதும் வந்தது. அவருடைய அம்மா ஒரு பழைய புடவையைத் தூளியாக்கி, தலையணை உறையாக்கி, கரித்துணியாக்கிய வரலாறும் வந்தது.

“சார், கேள்வி…” என்றாள் தொகுப்பாளினி.

“வரேம்மா, வரேன். பொண்ணுங்க இப்படித்தான் தைரியமா குறுக்கிடணும்” என்று பாராட்டிவிட்டுத் தொடர்ந்தார். “அந்த அன்னா மாணி விஷயம். எம்.எஸ்சி. இல்லாம டாக்டர் பட்டம் எப்படிக் கொடுக்கறது? ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?”

இறந்து இருபது வருஷத்துக்கு மேலான விஞ்ஞானிக்கும் தணிக்கைக் குறிப்பு எழுதியாகிவிட்டது. மேடையிலிருந்தவர் சிரித்து, “இருக்கு சார்” என்றார். வெளியே டீ ஆறியது.

இவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2024இல் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கு அஜர்பைஜான் முதலில் அறிவித்த ஏற்பாட்டுக் குழுவில் 28 பேர். அத்தனை பேரும் ஆண்கள்! கண்டனம் கிளம்பிய பிறகே 12 பெண்களைச் சேர்த்தார்கள். அதைப் படித்து நம்மவர் கொதித்துப்போனார். அடுத்த கூட்டத்தில், ஒரு பெண் பேராசிரியரின் நேரத்தில், அந்த அநியாயத்தைப் பற்றி விரிவாகப் பேசினார்.

10 நாடுகளில் 247 பல்கலைக்கழகக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் கேள்வியை ஆண் கேட்டால், அதற்குப் பிறகு பெண்கள் கேட்பது குறைந்துவிடுகிறதாம். ஆகவே விழா நடத்துபவர்களே, முதல் மைக்கைப் பின்வரிசையில் கேள்வியை எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கும் மாணவியிடம் கொடுங்கள். பெரியவருக்கு இரண்டாவதாகக் கொடுக்கலாம். திரும்ப வாங்க மட்டும் வலுவான தொண்டர் ஒருவரைப் பக்கத்திலேயே நிறுத்திவையுங்கள்.