வட்டுப் பெயர்ச்சிப் பலன்கள்: ஓர் ஆய்வு

வீட்டில் சேர்ந்துபோன டிவிடிகளைக் கணினிக்கு மாற்றும் கலைக்குத் தமிழில் முறையான இலக்கணம் இன்னும் இயற்றப்படவில்லை. கல்வெட்டுகளில் சான்று கிடைக்காததற்கு ஆய்வாளர்களைக் குறை சொல்லவும் முடியாது. டிவிடியே 1996 நவம்பரில்தான் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஆகவே தொல்லாசிரியர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

முதற்பொருள்: நிலம் - பரண்; பெரும்பொழுது - போகிக்கு முந்தைய வாரம்; சிறுபொழுது - ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின். கருப்பொருளாவன: கரப்பான் முட்டை, இற்றுப்போன ரப்பர் பேண்டு, மணமக்கள் படம் ஒட்டிய கல்யாண டிவிடிப் பெட்டி, விலைக்கு வாங்கிய மோசர் பேயர் படங்கள், 'காதுகுத்து - 2' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய வெறும் வட்டு. காதுகுத்து - 1 எந்தப் பரணிலும் அகப்பட்டதாகத் தகவல் இல்லை. உரிப்பொருள், நெய்தலுக்கு உரிய அதே இரங்கல்தான்.

இரங்கலின் முதல் நிலை, வட்டைச் செருக இடமே இல்லாமை. இப்போது வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் டிவிடி டிரைவ் கிடையாது. யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் ஒன்றை வாங்கி வருவார்கள். அது இரண்டு முறை முனகும், 'டிக் டிக்' என்னும், திரையிலிருந்து மறைந்துவிடும். டிரைவ் போச்சு என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய யூஎஸ்பி 2.0 துளை அளிக்கும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். வட்டைச் சுழற்றத் தொடங்கும் நொடியில் அதற்கு மேல் தேவைப்படலாம். கீபோர்டு, மவுஸ், போன் சார்ஜர் எல்லாம் தொங்கும் ஹப்பில் மாட்டினால் கேட்கவே வேண்டாம். கணினியில் நேராக மாட்டினால், அல்லது இரட்டைத் தலைக் கேபிள் போட்டால், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாம் நிலையில்தான் அறிஞர்களிடையே கடும் கருத்து வேறுபாடு. வட்டு பாதியில் நின்றால் என்ன செய்வது? வாயால் ஊதுவோர் ஒரு மரபினர். வேட்டி நுனியாலோ பனியனாலோ வட்டமாகத் துடைப்போர் இன்னொரு மரபினர். பற்பசையார் என்றொரு தீவிரப் பிரிவும் உண்டு. மூவரையும் இயற்பியல் கொண்டு மறுக்கலாம். டிவிடியில் தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் ஏறக்குறைய தொண்ணூறு தடங்கள் அடங்கும். இத்தனை நெருக்கத்தில் பிழை வருவது இயல்பு என்பதால், 32 கிலோபைட் தொகுதிக்கு ஒன்றாகப் பிழைதிருத்தக் குறியீடும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு தடத்திலும் கொஞ்சமாகக் கெடுக்கும்; திருத்தம் சமாளித்துக்கொள்ளும். தடத்தோடு வளைந்து ஓடும் கீறல் ஒரே இடத்தில் மொத்தமாக விழுங்கும். ஆகவே வட்டமாகத் துடைப்போர் வழுவினர். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைப்பதே மரபு. எச்சில் தெறிக்க ஊதுவது துடைக்கும் வேலையைக் கூட்டும், அவ்வளவே. பற்பசை ஆழமில்லாத கீறலைச் சில நேரம் தேய்த்து மட்டமாக்கும் என்பது உண்மை. கூடவே புதிய கீறல்களையும் தரும் என்பதும் உண்மை. கடைசி முயற்சியாக அன்றி அதைத் தொட வேண்டாம்.

துடைத்தும் தீராதபோது மென்பொருளை மாற்றிக்கொண்டே இருப்பது பரவலான வழக்கம். இக்கட்டுரையின் முடிபு இதற்கு நேர் எதிரானது: குற்றம் மென்பொருளில் குறைவு, வேலையின் வரிசையில் அதிகம். வட்டிலிருந்தே நேராக எம்பி4 ஆக்க முனைவோர், படிக்கும் வேலையையும் மாற்றும் வேலையையும் ஒரே நேரத்தில் சுமத்துகிறார்கள். எங்கே இடறியது என்று பிறகு யாருக்கும் தெரிவதில்லை. முதலில் வட்டை அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். ஹேண்ட்பிரேக் போன்ற மாற்றும் நிரல்களின் வேலை அதற்குப் பிறகு. முரண்டு பிடிக்கும் வட்டுக்கு குனு டிடிரெஸ்க்யூ என்னும் இலவச நிரல் உண்டு. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை படித்தோம் என்ற குறிப்பையும் வைத்திருப்பதால், மிச்சத்தைப் பக்கத்து வீட்டு டிரைவில் போட்டுத் தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது அபூர்வம் அல்ல.

எல்லாம் முடிந்து பென் டிரைவில் போடும்போது 'கோப்பு மிகப் பெரியது' என்று வரும். இடமோ தாராளமாக இருக்கும். பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றினால் தீர்ந்தது. மாற்றும்போது பென் டிரைவில் உள்ளது அழிந்துபோகும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

கடைப்படங்களுக்குத் தனித் தோஷம். டிவிடிக்கான மண்டலப் பகுப்பில் இந்தியா 5ஆம் மண்டலம், அமெரிக்கா 1. அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வட்டுக்காக டிரைவின் மண்டலத்தை மாற்றிக்கொண்டே போனால், ஐந்தாவது தடவையோடு டிரைவ் பூட்டிக்கொள்ளும். சிஎஸ்எஸ் என்னும் நகல்தடுப்புப் பூட்டுப் போட்ட படத்தை வெறுமனே நகலெடுத்தால் சிதறிய கட்டங்கள்தான் தெரியும். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பதை, பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் சேர்த்த 65ஏ பிரிவு குற்றமாக்கியிருப்பதும் நினைவில் இருக்கட்டும். கல்யாண வட்டுக்கு இந்தச் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. அதன் சிக்கல் வேறு: மாலை மாற்றும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். இரட்டை, ஒற்றை வரிகளைத் தனித்தனியாகப் பதிந்ததன் விளைவு அது; 'டீஇன்டர்லேஸ்' வடிகட்டியைப் போட்டால் மறையும். அகல விகிதம் தவறினால் மாப்பிள்ளை மெலிந்து நெட்டையாவார். இதைப் பிழை என்று மாப்பிள்ளை தரப்பில் யாரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக, எதை முதலில் எடுப்பது என்ற வினா. கடையில் வாங்கிய படம் ஆலையில் அச்சானது, நாள் தாங்கும். போனாலும் வேறெங்காவது கிடைக்கும். ஸ்டூடியோக்காரர் எழுதித் தந்த வட்டில் தகவல் இருப்பது கரிமச் சாயத்தில். வெயிலும் வெப்பமும் அதற்கு ஆகாது. ஓட்டுக்கூரைக்குக் கீழே இருக்கும் பரணில் வெப்பத்துக்குக் குறைவில்லை. ஆகவே வீட்டு விசேஷ வட்டுகளை முதலில் இறக்குங்கள். இறக்கியதை இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.