டக், டக்டக், மௌனம்: செல்ஃப் எடுக்காமை குறித்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் களம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட். ஆய்வுப்பொருள் என் மச்சினனின் டீசல் பிக்கப். தக்காளியும் முருங்கையும் ஏற்றும் வண்டி. கம்பெனிப் பெயர் ஆய்வு நெறி கருதியும், மச்சினன் அதை என்றாவது விற்கவேண்டியிருக்கும் என்பது கருதியும் மறைக்கப்படுகிறது. காலம், தை தொடங்கி ஆனி வரை. ஆய்வு உதவியாளர்கள், இக்காலத்தில் வண்டியைத் தள்ளிய அனைவரும்.

சிக்கல் இதுதான்: சில நாள் செல்ஃப் எடுக்கும், சில நாள் எடுக்காது. ஒரேயடியாகச் செத்த வண்டியை எந்த மெக்கானிக்கும் எழுப்பிவிடுவார். செத்துச் செத்துப் பிழைப்பதுதான் ஆராய்ச்சிக்கு உரியது.

சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஓடவேண்டும் என்ற எதிர்பார்ப்பே புதிது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் காரில் வந்த பிறகு பரவிய பழக்கம் அது. அதற்கு முன் ஹேண்டில் அடித்தார்கள். ஹேண்டில் திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் உண்டு. ஆனால் கை ஏன் முறிந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி ஒலியியல். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். பிக்கப் இவ்விதிக்கு அடங்காது. சாவியைத் திருப்பியதும் ‘டக்டக்டக்டக்’ என்று வந்தால் ஒரு பொருள். பிரிந்து ஒற்றை ‘டக்’ என்று நின்றால் வேறு பொருள். செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டு, கரண்ட் வந்ததும் உள்ளே இழுத்து மோட்டாருக்கு வழிவிடுகிறது. மோட்டார் ஒரே வாயில் கரண்டை விழுங்க, வோல்ட் சரிய, சோலனாய்டு கைவிட, வோல்ட் மீள, மறுபடி இழுக்கிறது. இதுவே டக்டக். சோலனாய்டு இழுத்துப் பிடித்தும் மோட்டார் அசையாவிட்டால் ஒற்றை டக். உள்ளே காண்டாக்ட் தீய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் சிக்கியிருக்கலாம். அப்போது செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினால் ஓடுவதுண்டு. மூன்றாவது வகை மௌனம். சாவி சொன்னது சோலனாய்டின் காதுக்கே போகவில்லை என்று பொருள். நம் பிக்கப் மும்மொழியும் பேசியது, பெரும்பாலும் டக்டக்.

அடுத்து டீக்கடைக் கருதுகோள். விடிகாலை ஊரில் கிளம்பும்போது எடுக்கும் வண்டி, பாதி வழியில் டீ குடித்துவிட்டு வந்தால் எடுக்காது. “டீக்கு நிறுத்தாதே மாப்ள, ஓடிட்டே இரு” என்றேன். “அப்ப டீ எப்படி மாமா குடிக்கிறது?” என்றான். கருதுகோள் அறிவியலுக்குப் புறம்பானதல்ல. செம்புக் கம்பி சூடேற ஏற அதன் தடை கூடும். 60 டிகிரி ஏறினால் ஏறக்குறைய கால் பங்கு. சூட்டில் சோலனாய்டு சோர்ந்துபோகிறது.

மூன்றாவது, பட்டறைச் சன்னிதி விளைவு. மார்க்கெட்டில் நாலு பேர் தள்ளி, செகண்டு கியரில் கிளட்சை விட்டு எழுப்பிய வண்டி, பட்டறை வாசலில் அணைத்துவிட்டுத் திருப்பினால் பூப்போல எடுக்கும். எலக்ட்ரீஷியன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பொய் சொல்லி லீவு கேட்ட பையனின் அப்பாவாக நிற்கவேண்டியிருக்கும். இது தெய்வச் செயலென்றே ஐந்து மாதம் நம்பினோம்.

நோயின் காரணம் பற்றிய அறிவு மார்க்கெட்டில் இலவசமாகவே கிடைத்தது. காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளில் அங்கே புழங்குவது உரை மட்டும். லோடுமேன் பேட்டரி என்றார். 12 வோல்ட் புதுப் பேட்டரி வந்தது, ஒன்பது நாள் எடுத்தது. கமிஷன் மண்டிக்காரர் செல்ஃப் மோட்டார் என்றார். மாற்றினோம், பதினாறு நாள். பிறகு இக்னிஷன் ஸ்விட்ச், பிறகு ரிலே. இடையில் என் மாமியார் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டச் சொன்னார். சரியாகச் சொன்னால், செலவுக்கும் பலனுக்குமான விகிதத்தில் எலுமிச்சையே முன்னணியில் நின்றது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காகதாலீய நியாயம் என்பார்கள். விட்டுவிட்டு வரும் கோளாறு இருக்கும் வண்டி ஒரு பனந்தோப்பு. எந்தக் காகம் உட்கார்ந்தாலும் ஒரு பழம் விழும். ஆக்சிலேட்டர் கேபிள் வேறு இரண்டு முறை உறை இளகி இறுகிப்போய் மாற்றப்பட்டது. அது தனிக் கணக்கு, இவ்வாய்வோடு தொடர்பற்றது என்று ஒதுக்கினேன். ஆய்வாளனாக என் வாழ்நாள் தவறு அதுதான்.

டெஸ்ட் லேம்ப் குறித்து ஒரு வார்த்தை. எலக்ட்ரீஷியன் வயர் வயராக அதை வைத்துப் பார்ப்பார்; எங்கும் எரியும். “கரண்ட் எல்லா இடத்துலயும் வருதே” என்பார். ஜார்ஜ் ஓம் 1827இல் அச்சிட்ட கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு மோசமான இணைப்பில் 0.02 ஓம் தடை இருக்கிறது. 21 வாட் பல்பு இழுப்பது 2 ஆம்பியருக்கும் கீழே. அந்த இணைப்பில் தொலைவது 0.04 வோல்ட்டுக்கும் குறைவு. பல்பு சிரித்துக்கொண்டே எரியும். செல்ஃப் மோட்டார் கேட்பதோ 200 ஆம்பியர். அதே இணைப்பில் 4 வோல்ட் தொலைகிறது. விளக்கு எரிவதை வைத்துப் பேட்டரிக்கோ வயருக்கோ நற்சான்று தரக்கூடாது என்பது இவ்வாய்வின் நிலைநாட்டப்பட்ட முடிவு. சும்மா இருக்கும்போது எல்லா இணைப்பும் உத்தமம். பாரம் ஏற்றும் அந்த இரண்டு விநாடியில்தான் பிடிக்கவேண்டும்.

பிடிபட்டது ஆனி மாதம் ஒரு சாயங்காலம். பட்டறை வாசலிலேயே வண்டி முதன்முறையாக எடுக்க மறுத்தது. மச்சினனுக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. “அண்ணே, பாருங்க, பாருங்க, எடுக்கல!” என்று கத்தினான். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். டக்டக்டக். ஹெட்லைட் மங்கவில்லை. பேட்டரி சோர்ந்திருந்தால் லைட் படுத்துவிடும் என்றார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தார். திருப்பும்போது 0.2க்குள் இருக்கவேண்டியது 3.8 காட்டியது. ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேரே இன்ஜினுக்குக் கொடுத்தார். பிடித்துக்கொண்டது.

இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு எர்த் பட்டை உண்டு. செம்புக் கம்பியைத் தட்டையாகப் பின்னியது, ஒரு சாண் நீளம். மார்கழியில் எஃப்சிக்குப் போகுமுன் பெயின்ட் அடித்தவர்கள் அதைக் கழற்றி, சேஸிஸுக்குக் கறுப்பு அடித்து, காய்ந்ததும் அந்தப் பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரைதான் அரையும் குறையுமாகக் கரண்டைக் கடத்திக்கொண்டிருந்தது. குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கிவந்தால் மரை சற்றுப் பதியும். பட்டறைச் சன்னிதியின் ரகசியம் அது. வழி கிடைக்காத கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்தது. உறை இளகியதன் ரகசியம் இது. அண்ணன் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்தார். கறுப்புக்கு அடியில் ரூபாய் நாணயம் அளவுக்கு இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கால் தாள்கூடச் செலவாகவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது ஊரில் கரண்ட் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்திருந்தவருக்கு வெளிச்சம் தந்தது, தூணோரம் ஒரு பேட்டரியில் மாட்டியிருந்த பல்பு. நாங்கள் மாசியில் கழற்றிப் போட்ட பழைய பேட்டரி. மேலே மச்சினன் கையால் எழுதிய வண்டி நம்பர் அழியாமல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விளக்கு எரிவதை வைத்துப் பேட்டரிக்கு நற்சான்று தரக்கூடாது என்று நானே நிறுவியிருப்பதால், ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறிக்கொண்டேன்.