மருதத்துள் நெய்தல்: கடல்நீர்த் தொட்டிக்கு இல்லாளின் இசைவு பெறுதல் குறித்த ஓர் ஆய்வு

வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம், அதற்குரியது ஊடல். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதற்குரியது இரங்கல். கங்கைச் சமவெளியில், கொல்கத்தாவின் டாலிகஞ்சில், மாடி வாடகை வீடொன்றின் கூடத்தில் 250 லிட்டர் கடலைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது எத்திணை என்பது தொல்காப்பியர் எதிர்பாராத சிக்கல். முதலில் ஊடலும் பிறகு இரங்கலும் நிகழும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். இரங்கப்போவது யார் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

நன்னீர்த் தொட்டி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தங்கமீனை எந்த மனைவியும் பெரிதாக எதிர்ப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் அந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடுகிறது.

முன்னோர் வரலாறு கணவர் கட்சிக்கே சாதகம் போலத் தோன்றும். 1832இல் சிசிலித் தீவின் மெசினாவில் கடலுயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராய்ந்த முன்னோடி ழான் வில்ப்ரே-பவர். 1846இல் பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டிலேயே வாழவைத்தவர் அன்னா தின். இருவரும் திருமணமான பெண்கள். ஆகவே உப்புநீர்த் தொட்டி மனைவியர் கண்ட கலை, கணவர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்ற வாதம் ஒரு மாலை முன்வைக்கப்பட்டது. எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டது: "அந்தம்மா வீட்டுல தண்ணி வேலையெல்லாம் யாருங்க பாத்தா?"

பம்பு இல்லாத காலம். திறந்த சன்னலருகே நின்று, நாம் காபி ஆற்றுவது போலக் கடல்நீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றிக் காற்றேற்றியவள் அன்னா தின் வீட்டு வேலைக்காரப் பெண். வரலாறு அன்றே எதிர்க்கட்சிக்குத் தாவியது.

சென்னை மெரினாவில் 1909இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்தைச் சான்றாகக் காட்டியதும் பலிக்கவில்லை. "அங்க எதிர்ல கடல் இருந்துச்சு. இங்க எதிர்ல என்ன இருக்கு?" இங்கே எதிரில் இருப்பது டாலி நாலா. பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் டாலி தூர்வாரி, தம் பெயரையும் கொடுத்துவிட்டுப் போன ஆதிகங்கை. அதன் இன்றைய நிறத்தை இவ்விடத்தில் விவரிப்பது ஆய்வாளனின் வழக்குக்கு உதவாது.

கடல்நீர் என்றால் திகா கடற்கரைக்குப் போய்க் கேனில் பிடித்துவருவதா என்றால், அதுவும் இல்லை. ஊக்ளி கொண்டுவந்து தள்ளும் வண்டல் அப்பக்கத்துக் கடலைக் கலக்கி வைத்திருக்கிறது. ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் இதற்கென்றே விற்கும் உப்பைக் கரைக்க வேண்டும். சமையலுப்பு ஆகாது, மக்னீசியம், கால்சியம் எல்லாம் கடலில் உள்ள அளவில் வேண்டும். தொடக்கத்தில் ஏறத்தாழ 9 கிலோ. பிறகு வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது மேலும் கிட்டத்தட்ட ஒரு கிலோ. கணக்கைக் கேட்ட எதிர்த்தரப்பு, "1930ல வேதாரண்யத்துக்கு நடந்து போன ராஜாஜியே இவ்வளவு அள்ளியிருக்க மாட்டார்" என்றது. இது தரவு அன்று, அங்கதம். ஆனாலும் மறுக்க வழியில்லை.

இவ்வாய்வின் உயிர்நாடி குளிரூட்டி. பவளப்பாறை மீன்களுக்கு நீர் 25, 26 டிகிரியில் இருந்தால் நல்லது. கொல்கத்தாவின் மே மாதப் பகல் 35ஐ எளிதாகத் தாண்டும். ஆகவே சில்லர் என்னும் கருவி தேவை. அது நீரிலிருந்து உறிஞ்சிய வெப்பத்தை, தன் மோட்டாரின் வெப்பத்தையும் சேர்த்து, கூடத்துக்குள்ளேயே ஊதித் தள்ளும். இதை விளக்கி முடித்தபோது எழுந்த வாக்கியத்தைத் திருத்தமின்றிப் பதிவு செய்கிறேன்: "அதாவது மீனுக்கு ஏசி, எனக்கு அதோட அனல்." வெப்ப இயக்கவியலின்படி இதில் பிழை காண முடியவில்லை. பாடநூல்கள் பல பக்கம் செலவிட்டுச் சொல்வதும் இதைத்தான்.

மறுப்பின் வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து விருப்பமின்றி டாலிகஞ்சுக்கு வந்தோருக்கு நெடிய வரலாறு உண்டு. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கும்பினியார் இங்கே அனுப்பிவைத்தனர். அக்குடும்பத்தவர் பெயர் தாங்கிய பிரின்ஸ் அன்வர் ஷா சாலை இன்றும் இருக்கிறது. எதிர்த்தரப்பும் கணவனின் அலுவலக மாற்றலால் வந்ததே. அப்போது பெற்ற சம்மதம் இன்னும் அடைபடாத கடனாக நிற்க, அதே வாசலில் இன்னொரு சம்மதம் கேட்கப்படுகிறது. தொட்டியின் அளவைக் குறைத்துப் பேசுவதால் இது தீராது.

இந்நிலையில் தலைவன் ஊடல் தீர்க்கும் தூதராகிய வாயில்களை நாடுவது மரபு. ஞாயிறு காலை கணவன் எங்கோ போய்விட்டு அசடு வழியத் திரும்புவது மருதத்தின் பழைய செய்தி. இங்கே அவன் போன இடம் பரத்தையர் சேரி அன்று. மெட்ரோவில் சியாம்பஜார் இறங்கிப் போகும் காலிஃப் தெரு மீன் சந்தை. வாயிலாக அமைந்தவர் பக்கத்து வீட்டு பௌதி, அதாவது அண்ணி. வங்கத் திருமணத்தில் பெரிய ரூயி மீனை மணப்பெண் போல அலங்கரித்து மாப்பிள்ளை வீட்டார் சீராக அனுப்புவார்கள், வீட்டுக்கு மீன் வருவது மங்கலம் என்று அவர் எடுத்துரைத்தார். "சீர் முடிஞ்சதும் அந்த மீனை என்ன பண்ணுவீங்க, பௌதி?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. சமைப்போம் என்று பௌதி உண்மையைச் சொன்னார். இத்துறை வாயில் மறுத்தல்.

சட்டமும் பேசப்பட்டது. பவளங்களும் கடற்குதிரைகளும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. தொட்டிக்கென்று கடலிலிருந்து பெயர்த்துவர முடியாது. இச்செய்தியைக் கணவன் வருத்தத்தோடு சொன்னான். செலவு குறைந்ததென்று மனைவி மகிழ்ந்து கேட்டாள். முதன்முதலாக ஏற்பட்ட இணக்கம் இதுவே. நீரில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகும்வரை நான்கு முதல் ஆறு வாரம் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்குள் கணவனுக்கு ஆசை தணியக்கூடும் என்பது அவள் கணிப்பு.

எஞ்சியது எந்த மீன் என்பது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் குஞ்சு பொரிக்க வைக்கும் முறை கண்ட கோமாளி மீனை ஆய்வாளன் பரிந்துரைத்தான். எல்லாம் ஆணாகவே பிறக்கும். கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறித் தலைமை ஏற்கும். அது இறந்தால் அடுத்த நிலை ஆண் பெண்ணாகிவிடும். இந்த அதிசயங்களால் பயனில்லை. போகிறபோக்கில் சொன்ன ஒரு செய்திதான் வேலை செய்தது: முட்டைகளை வாயால் துப்புரவாக்கித் துடுப்பால் விசிறிக் காப்பது பெரும்பாலும் ஆண்.

"பொம்பளை மீன் என்ன பண்ணும்?"

"சுத்தி வந்து காவல் பாக்கும்."

"சரி, வாங்குங்க."

உடன்பாட்டின்படி, ஆவியாகும் நீருக்கு ஈடாக நாள்தோறும் உப்பில்லா நீர் ஊற்றுவதும் கண்ணாடி விளிம்பில் பூக்கும் உப்பைத் துடைப்பதும் கணவன் பொறுப்பு. ஊருக்குப் போனால் மாற்று ஆளை அவனே ஏற்பாடு செய்ய வேண்டும். சில்லரின் அனல் அவன் நாற்காலிப் பக்கம் திருப்பப்படும். கால் டன்னுக்கு மேற்பட்ட எடையைப் பழைய வீட்டின் மாடித் தளத்தில் ஏற்றுவதற்கு வீட்டுக்காரரின் இசைவு இன்னும் பெறப்படவில்லை. அதற்கு வாயிலாகச் செல்ல எதிர்த்தரப்பே முன்வந்திருக்கிறது. கட்டணமாகப் படுக்கையறைக்கு ஓர் ஏசி கேட்கிறது.