பொருள்: படிவத்தின் புதுப்பொலிவு குறித்து

அனுப்புநர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், கதவு எண் 12/4 (சாய்கோட்டுக்கு அனுமதியில்லை).

பெறுநர்: இணையப் படிவங்களை அழகுபடுத்தும் பிரிவு, பெயர் வேண்டாத ஒரு துறை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் படிவம் புதுப்பொலிவு பெற்றிருப்பதைக் கண்டேன். முனை மழுங்கிய பெட்டிகள், ஊதாவிலிருந்து ரோஜா நிறத்துக்கு வழியும் பின்னணி, தலைமாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் "புதியது!" எழுத்து. அப்படி எழுத்தை ஓடவிடும் மார்க்கீ குறியை எச்டிஎம்எல் தரம் காலாவதி என்று எப்போதோ ஒதுக்கிவிட்டது. ஓய்வு கொடுத்த பிறகும் அதை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். ஓய்வூதியக்காரன் என்ற முறையில் அதற்கு என் நன்றி.

முதலில் பெயர். முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டும் கட்டாயம் என்றது படிவம். என்னிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். "ச" என்று போட்டேன். குறைந்தது மூன்று எழுத்து வேண்டுமாம். "அப்பா பேர முழுசாப் போட்ருங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றான் பிரவுசிங் சென்டர் தம்பி. போட்டேன். மறுநாள் வந்த குறுஞ்செய்தி என் அப்பாவை மரியாதையாக விளித்து, அவர் நேரில் வர வேண்டும் என்றது. அவர் 1991-ல் காலமானார். கூப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து முகவரி. எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு, நடுவில் ஒரு சாய்கோடு. அது "சிறப்புக் குறியீடு" என்று தள்ளுபடியானது. கோட்டை எடுத்தேன்; வீடு 124 ஆகிவிட்டது. எங்கள் தெருவில் மொத்தமே 40 வீடுகள்.

பிறந்த தேதியைத் தட்டச்சு செய்யக் கூடாது, நாட்காட்டியில்தான் தேட வேண்டும். அது 2025 ஜூனில் திறந்தது. நான் பிறந்தது 1958 ஜூன். ஒரு அழுத்தத்துக்கு ஒரு மாதம் என்றால் 804 அழுத்தங்கள். நெருக்கடி நிலைக் காலத்தை எட்டியபோது "உங்கள் நேரம் முடிந்தது" என்று திரை அணைந்தது. வரலாற்று உணர்வுள்ள படிவம்.

பெட்டிகளுக்கு மேலே தலைப்பு கிடையாது. உள்ளேயே வெளிர் சாம்பலில் ஒரு குறிப்பு. ஒரு எழுத்தைத் தட்டியதும் அதுவும் போய்விடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற அளவிலாவது ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது உலக வலை அணுகல் வழிகாட்டி. உங்கள் சாம்பல் அதில் பாதியைக்கூட எட்டாது. தவறு நேர்ந்தால் பெட்டியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு வருகிறது, காரணம் வருவதில்லை. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவருக்கும், திரைவாசிப்பானை நம்பும் பார்வையற்றவருக்கும் அந்தக் கோடும் இல்லை. "சமர்ப்பி" பொத்தானை ஒட்டி, அதே அளவில், அதைவிடப் பளிச்சென்று "அனைத்தையும் அழி". நான் எதை அழுத்தினேன் என்று சொல்லவும் வேண்டுமா?

முன்பு தாலுகா அலுவலக வாசலில், மரத்தடியில் ஒருவர் மனு எழுதுவார். கையெழுத்து கோணல்தான். ஆனால் "என்ன பிரச்சினை, சொல்லுங்க" என்று கேட்ட பிறகுதான் பேனாவைத் திறப்பார். தங்கள் ஊதா நிறப் படிவம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

பெட்டியோடு தலைப்பைப் பிணைக்கும் லேபிள் குறி 1997-ல் வந்த எச்டிஎம்எல் 4-லேயே இருக்கிறது. கைப்பேசியில் எண் விசைகள் தோன்ற இன்புட்மோட் என்ற ஒரே பண்பு போதும். இரண்டுக்கும் டெண்டர் விட வேண்டியதில்லை. எண்ணிம அணுகல், அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆகவே, அடுத்த முறை வண்ணம் பூசுவதற்கு முன்னால், உங்கள் பிரிவில் உள்ளவர்கள் ஒரே ஒரு முறை, தங்கள் சொந்தப் பெயரில், கைப்பேசியில், கடைசிவரை அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ச. (இன்னும் இரண்டு எழுத்து பாக்கி)

இணைப்பு: இல்லை. 20 கேபிக்குள் அடங்கவில்லை.